மிக்சருக்கு எத்தனை அடி தூரம்?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1965இல் சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய ஊர்களில் உருவானது. 1995 ஆகஸ்டில் அதன் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்ததோடு முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் அது செய்த கச்சேரிகள் சுமார் 2,300. அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் நாடாவில் பதிவாகி, இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அந்தக் காலத்து வேறெந்த ராக் குழுவின் மேடை வாழ்க்கையும் இவ்வளவு முழுமையாகத் தங்கவில்லை. இந்தச் சேமிப்பை உருவாக்கியது இசைத்தட்டு நிறுவனம் அல்ல. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ரசிகர்களும், மேடையோரத்தில் வேலை பார்த்த ஒலிப்பதிவாளர்களும் சேர்த்து வைத்தது அது. யாரிடம் எந்த நாடா இருக்கிறது, அதை யார் யாருக்குத் தரலாம் என்பதில் அவர்களுக்குள் எழுந்த பூசல், குழு கலைந்த பிறகும் ஓயவில்லை.

இத்தனை பேர் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்குக் காரணம் அந்த இசையிலேயே இருக்கிறது. ‘டார்க் ஸ்டார்’ என்ற பாடல் 1968இல் சிறிய இசைத்தட்டாக வந்தபோது 3 நிமிடத்துக்கும் குறைவு. மறு ஆண்டு வெளிவந்த ‘லைவ்/டெட்’ தொகுப்பில் அதே பாடல் 23 நிமிடம். குழுவினர் ஒவ்வொரு இரவும் பாடல் வரிசையை மாற்றினார்கள். ஒரு பாடலிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமல் வழுக்கிச் சென்றார்கள். நடுவில் எங்கே போகப் போகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. மனோதர்மத்தை நம்பி நிற்கும் எந்த இசைக்கும் உள்ள இயல்பு இது: நேற்று வாசித்தது நாளை வராது. ஸ்டுடியோவில் செய்த ஆல்பங்கள் இந்தக் குழுவின் நிழலாகத்தான் இருந்தன. குழுவை அறிய வேண்டுமானால் கச்சேரிக்குப் போக வேண்டும். போக முடியாதவனுக்கு நாடா வேண்டும்.

நாடாக்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, அரங்கில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் தன் ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்துச் செய்வது. இதில் இசையோடு அரங்கின் எதிரொலி, கைதட்டல், பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு எல்லாம் சேர்ந்தே விழும். இன்னொன்று, மேடையிலிருந்து வரும் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் பலகையிலிருந்தே நேராக எடுப்பது. ரசிகர்கள் இதை ‘சவுண்ட்போர்டு’ என்றார்கள். இதில் ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாகக் கேட்கும். கூட்டம் எங்கோ தொலைவில் இருக்கும். முதல் வகையை டிக்கெட்டும் துணிச்சலும் இருக்கும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவது வகைக்கு உள்ளே ஆள் வேண்டும். பின்னால் வந்த சண்டைகள் பலவற்றுக்கும் வேர் இந்த வேறுபாடுதான்.

கள்ளத் தட்டுகளின் காலம்

1969இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளில் வெறும் வெள்ளை உறையில் ஓர் இரட்டை இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. பாப் டிலன் பாடி, நிறுவனம் வெளியிடாமல் வைத்திருந்த பாடல்கள் அதில் இருந்தன. ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்று பெயர் பெற்ற அதுதான் ராக் இசையின் முதல் பெரிய திருட்டுத்தட்டு. அதே ஆண்டு நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஓக்லண்டில் செய்த கச்சேரியைக் கூட்டத்திலிருந்து ஒருவர் பதிவு செய்ய, சில வாரங்களில் அதுவும் தட்டாக வந்துவிட்டது. ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பதிப்புரிமை 1972 பிப்ரவரியில்தான் கிடைத்தது. மேடையில் நடக்கும் கச்சேரியை அனுமதியின்றிப் பதிவு செய்வதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வர 1994 ஆயிற்று. ஐரோப்பாவிலும் ஓட்டைகள் இருந்தன. ஃபில் காலின்ஸ் 1983இல் கலிஃபோர்னியாவில் செய்த கச்சேரி அனுமதியின்றிக் குறுந்தட்டாக ஜெர்மனியில் விற்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு, 1993இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகே அவருக்குச் சாதகமாக முடிந்தது.

பல குழுக்கள் பதிவுக்காரர்களை எதிரிகளாகவே நடத்தின. லெட் செப்பலின் குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்ட், கூட்டத்தில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டால் அங்கேயே உடைக்கச் செய்பவர். 1971இல் வான்கூவர் கச்சேரியில் இரைச்சல் அளவை அளக்க வந்தவர்களின் கருவியையும் திருட்டுப் பதிவு என்று நினைத்து உடைத்த கதை பரவலாக அறியப்பட்டது.

டெட் குழுவும் தொடக்கத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் அதன் பணியாட்கள் பதிவுக்காரர்களைத் துரத்தியதுண்டு, நாடாவைப் பறித்ததுண்டு. பின்னர் அந்தக் கெடுபிடி மெல்லத் தளர்ந்தது. வாசித்து முடித்த இசை கேட்டவர்களுக்கே சேரும் என்ற எண்ணத்தைக் கார்சியா பேட்டிகளில் பலமுறை வெளிப்படுத்தினார். ஆயிரக்கணக்கான ரசிகர்களைச் சோதனையிட்டுப் பிடிப்பது நடக்கிற காரியமும் அல்ல. தடை செய்யவும் இல்லை, அழைக்கவும் இல்லை என்ற அந்த நிலைதான் ரசிகர்கள் தங்களுக்குள் சட்டம் இயற்றிக்கொள்ள இடம் கொடுத்தது.

காசு கூடாது

அந்தச் சட்டத்தின் முதல் விதி: நாடாவை விற்கக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் புரூக்ளினில் லெஸ் கிப்பல் என்ற ரசிகர் நாடாப் பரிமாற்றக் குழு ஒன்றைத் தொடங்கினார். கள்ளத் தட்டு விற்பவனிடம் ஒருவன் காசு கொடுத்து வாங்குவதைத் தடுக்க ஒரே வழி, அதே இசையை அவனுக்குச் சும்மா கொடுத்துவிடுவதுதான் என்பது இத்தகைய குழுக்களின் அடிப்படை. 1974இல் இதிலிருந்து ‘டெட் ரெலிக்ஸ்’ என்ற பத்திரிகை பிறந்தது. எந்த ஒலிவாங்கி நல்லது, யாரிடம் எந்தக் கச்சேரி இருக்கிறது போன்ற செய்திகளோடு நாடா தேடுவோரின் விளம்பரங்களும் அதில் வந்தன. பெயரைச் சுருக்கிக்கொண்டு பொது இசை இதழாக அது இன்றும் வருகிறது.

இந்த விதி பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது என்பது சிறிய விஷயம் அல்ல. 90 நிமிட மேக்செல் கேசட்டுகள் இரண்டு இருந்தால் ஒரு கச்சேரி அடங்கிவிடும். வெற்றுக் கேசட்டையும் திரும்பி வர வேண்டிய தபால்தலையையும் உறையில் போட்டு அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் தன் இரண்டு டெக்குகளையும் இரவெல்லாம் ஓடவிட்டு நகலெடுத்து, அட்டையில் பாடல் வரிசையைக் கையால் எழுதித் திருப்பி அனுப்புவார். ‘மரம்’ என்றொரு ஏற்பாடும் இருந்தது. மூலப் பிரதி வைத்திருப்பவர் வேர். அவர் ஐந்தாறு பேருக்கு நகல் தருவார். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் ஐந்தாறு பேருக்கு. சில வாரங்களில் ஒரு கச்சேரி நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிடும். இணையம் வீடுகளுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தபால்காரரின் தோளில் ஓடிய வலைப்பின்னல் அது.

ஆனால் காசை வெளியே தள்ளிய இடத்தில் இன்னொரு செலாவணி வந்து உட்கார்ந்தது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும், ஒலி மங்கும். மூலத்திலிருந்து எடுத்த நகல் முதல் தலைமுறை. அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. ஐந்தாறு தலைமுறை தாண்டினால் சிம்பலின் ஒலியும் நாடாவின் இரைச்சலும் ஒன்றாகிவிடும். ஆகவே ‘அந்தக் கச்சேரி உன்னிடம் இருக்கிறதா?’ என்ற கேள்வியைவிட ‘எத்தனையாவது தலைமுறை?’ என்ற கேள்வி முக்கியமாயிற்று. முதல் தலைமுறைப் பிரதி வேண்டுமென்றால் பதிவு செய்தவரைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அவரைத் தெரிந்தவரைத் தெரிந்திருக்க வேண்டும். நெருக்கமே பணமாக மாறியது இப்படித்தான்.

புதிதாக வருபவனுக்கு இது கசப்பான அனுபவம். மாற்றிக்கொள்ளக் கையில் ஒரு நாடாவும் இல்லாதவனோடு யார் பரிமாற்றம் செய்வார்கள்? சிலர் இரண்டு வெற்றுக் கேசட் அனுப்பினால் ஒன்றைப் பதிவு செய்து தந்து, மற்றதைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். அது விற்பனைக்கு எவ்வளவு தூரம் என்பது ஓயாமல் விவாதிக்கப்பட்டது. வேறு சிலர் தங்களிடம் இல்லாத எதையாவது தந்தால் மட்டுமே கொடுப்போம் என்றார்கள். நூற்றுக்கணக்கான மணி நேரத்து இசையை வைத்துக்கொண்டு எவருக்கும் தராதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘பதுக்கல்காரர்கள்’. ரசிகர் வட்டத்தில் கள்ளத் தட்டு வியாபாரிக்கு அடுத்தபடியாக வெறுக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

பதுக்கியவர்கள் பக்கமும் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்து ஒரு நாடாவைத் தரும்போது, வெளியே விடாதே என்று கேட்டுக்கொண்டுதான் தருவார். அந்த வாக்கை மீறினால் அடுத்த நாடா வராது. கொடுத்தவரின் பிழைப்பும் போகலாம். வியாபாரியின் கைக்குப் போய்விடும் என்ற பயமும் பொய்யல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மைக் மில்லார்ட் என்பவர் 1970களில் லெட் செப்பலின் உள்ளிட்ட பல குழுக்களை அசாத்தியமான தெளிவோடு பதிவு செய்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, கருவியை அதற்குள் மறைத்து அரங்கினுள் கொண்டுபோனவர் அவர். நண்பர்களுக்கு மட்டும் அவர் தந்த பிரதிகள் கள்ளத் தட்டுகளாகக் கடைக்கு வந்தன. பிறகு தான் கொடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும், கசிந்தால் யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்கும்படி இரகசியக் குறி வைத்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. 1994இல் அவர் இறந்தார். அவருடைய சேமிப்பு பொதுவில் முறையாகக் கிடைக்கத் தொடங்கியது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துத்தான்.

ஆனாலும் வாக்கு, பயம் என்ற இரண்டு காரணங்களுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று அடிக்கடி ஒளிந்திருந்தது. எல்லோரிடமும் இருக்கும் நாடாவுக்கு மதிப்பில்லை. ஒருவரிடம் மட்டும் இருக்கும்வரைதான் அது அவரைத் தேடி ஆட்களை வரவழைக்கும். இசையைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னவர்களில் பலர் தங்கள் இடத்தையும் சேர்த்தே காப்பாற்றினார்கள்.

ஒலிவாங்கிக் காடு

அரங்குக்குள் சண்டை வேறு விதமாக நடந்தது. 1970களின் இறுதியில் கருவிகள் சிறுத்தன, தரம் கூடியது. தோளில் மாட்டிக்கொள்ளும் சோனி கேசட் ரிக்கார்டரோடு நாகமிச்சி, ஷோப்ஸ், நாய்மன் போன்ற விலையுயர்ந்த ஒலிவாங்கிகளை உயரமான கம்பிகளில் ஏற்றிக்கொண்டு ‘டேப்பர்கள்’ எனப்பட்ட பதிவுக்காரர்கள் வந்தார்கள். ஒலி எங்கே நன்றாகச் சேருகிறது என்பதைக் குழுவின் ஒலிப் பொறியாளர் தேர்ந்தெடுத்த இடம் காட்டிவிடும். அவருடைய மிக்சர் இருக்கும் நடு அரங்குதான் அது. எனவே எல்லாக் கம்பிகளும் அதைச் சுற்றியும் அதற்கு முன்னாலும் முளைத்தன. பொறியாளர் டேன் ஹீலிக்கு மேடையே தெரியாமல் போயிற்று.

டேப்பர் அல்லாத ரசிகருக்கும் கோபம். ஆடிப் பாட வந்த இடத்தில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பேசாதே, கைதட்டாதே, ஆடிக் கம்பியை இடிக்காதே என்று முறைக்கும் ஒருவன். டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கும். போய்ப் பார்த்தால் அங்கே முக்காலி நிற்கும். டேப்பருக்கும் சொல்ல ஒன்று இருந்தது: இந்த இரவை நாளை ஆயிரம் பேர் கேட்கப்போகிறார்கள், அவர்களுக்காக ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கக் கூடாதா? நேரில் இருப்பவரின் மகிழ்ச்சியா, வர முடியாதவரின் பங்கா என்ற இந்த வழக்கு தீர்க்க முடியாதது. இரண்டு பக்கமும் இசை மேல் கொண்ட அதே பற்றிலிருந்துதான் பேசியது.

குழு ஒரு வழி கண்டது. 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி நகர அரங்கில் டேப்பர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. பதிவு செய்ய விரும்புகிறவர்கள் அதற்குரிய டிக்கெட்டைத் தபாலில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். வேறெங்கும் ஒலிவாங்கி கூடாது. பெரிய ராக் குழு ஒன்று தன் கச்சேரியைப் பதிவு செய்ய ரசிகர்களுக்கு இருக்கையே ஒதுக்கியது அதுவரை கேள்விப்படாத செயல்.

ஒதுக்கிய இடமோ மிக்சருக்குப் பின்னால். முன்னால் உட்கார்ந்தால் ஒலி மேலும் நன்றாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அனுமதிக்கப்பட்ட பதிவுக்குள்ளேயே ஒரு புதிய திருட்டுப் பதிவு பிறந்தது. சட்டைக் காலரிலும் தொப்பியிலும் ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு மிக்சருக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களால் மொத்த அனுமதியும் பறிபோய்விடும் என்று பின்னால் இருந்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்த முன்வரிசை நாடா வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் தேடினார்கள். சில வேளைகளில் ஹீலி தன் பலகையிலிருந்து நேராகக் கம்பி இழுத்துக்கொள்ள ஓரிருவரை அனுமதித்ததுண்டு. அன்று அந்தக் கம்பி யாருக்குக் கிடைத்தது, ஏன் அவருக்கு என்பது அடுத்த சில மாதங்களுக்குப் பேச்சாக இருக்கும்.

1987இல் ‘டச் ஆஃப் கிரே’ என்ற பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. குழுவின் வாழ்நாளில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். ரசிகர் கூட்டம் பெருகியது. பழையவர்கள், புதியவர்கள் என்ற பிளவும் கூடவே வந்தது. அலமாரி நிறைய நாடா வைத்திருப்பது தான் எவ்வளவு பழைய ஆள் என்பதற்குச் சான்றாயிற்று.

மேடைக்குப் பின்னால்

சவுண்ட்போர்டு நாடாக்களைக் குழு நெடுங்காலம் பொதுவில் விநியோகிக்கவில்லை. அவை உள்வேலைக்காகப் பிறந்தவை. 1960களில் ஒலி அமைப்பைக் கவனித்த ஆவ்ஸ்லி ஸ்டான்லி, அன்றன்றைய கலவை எப்படி இருந்தது என்று பிறகு கேட்டுத் திருத்திக்கொள்ள எல்லாவற்றையும் பதிவு செய்தார். அந்தப் பழக்கம் குழுவில் நிலைத்துவிட்டது. நாடாக்கள் குழுவின் சேமிப்பறைக்குப் போயின. ஆனால் சேமிப்பறைக்குச் சாவி உண்டு, சாவி வைத்திருப்பவருக்கு நண்பர்கள் உண்டு. அங்கிருந்து ஒன்றிரண்டாகக் கசிந்தவைதான் ரசிகர் உலகின் தங்கக் காசுகள்.

இந்தக் கதையின் மையத்தில் இருப்பவர் பெட்டி கேண்டர்-ஜாக்சன். ‘லைவ்/டெட்’ தொகுப்பைப் பதிவு செய்தவர்களில் ஒருவர். ஒலிப்பதிவு முழுக்க ஆண்களின் தொழிலாக இருந்த காலத்தில் அந்தத் துறையின் உச்சியில் வேலை பார்த்த பெண். சாதாரண சவுண்ட்போர்டு நாடாவில் ஒரு குறை உண்டு. அரங்குக்காகச் செய்த கலவை அது. மேடையிலேயே சத்தமாக ஒலிக்கும் கிதாரை மிக்சரில் குறைத்து வைத்திருப்பார்கள், ஆகவே நாடாவில் குரல் தூக்கலாகவும் கிதார் மெலிந்தும் விழும். பெட்டி அரங்குக் கலவையை எடுக்கவில்லை. மேடை ஒலிவாங்கிகளிலிருந்து தனியே கம்பி பிரித்து, பதிவுக்கென்றே ஒரு கலவையைக் கச்சேரி நடக்கும்போதே செய்தார். அரைநூற்றாண்டு கழித்தும் அந்த நாடாக்கள் ஆல்பம் போல் ஒலிப்பதற்கு அவருடைய காதும் கையும்தான் காரணம்.

1980களின் தொடக்கத்தில் குழுவோடு அவருடைய தொடர்பு அறுந்தது. பண நெருக்கடி வந்தது. வாடகை செலுத்த முடியாத கிடங்கில் இருந்த அவருடைய பொருட்கள் 1986இல் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் நூற்றுக்கணக்கான கச்சேரி நாடாச் சுருள்கள். குழு அவற்றை மீட்க முன்வரவில்லை. வெளியாட்கள் சிலர் வாங்கிப் போனார்கள். அவற்றில் ஒரு பகுதியை நகலெடுக்க ரசிகர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தபோது, ‘பெட்டி போர்டு’ என்ற பெயரில் அவை நாடெங்கும் பரவின. அதுவரை ஏழாம் தலைமுறைக் கேசட்டை உற்றுக் கேட்டுப் பழகியவர்கள், முதல்முறையாக அந்தக் குழுவை நேருக்கு நேர் கேட்டார்கள். எஞ்சியவை எங்கே, யாரிடம், எந்தக் கொட்டகையில் கெட்டுக்கொண்டிருக்கின்றன என்ற கவலை 30 ஆண்டுகள் நீடித்தது.

யாருடைய சொத்து அந்த நாடா? வாசித்தது குழு, பதிவு செய்தது பெட்டி, ஏலத்தில் காசு கொடுத்தது வேறொருவர், அதற்கு மதிப்பு உண்டாக்கியது ரசிகர்கள். சட்டத்தின்படி நாடாவின் பிளாஸ்டிக் ஏலத்தில் எடுத்தவருக்கு, அதிலுள்ள இசை குழுவுக்கு. ஒருவரின்றி மற்றவரால் வெளியிட முடியாது. இந்த முடிச்சில் அதிகம் இழந்தவர் அவற்றை உருவாக்கிய பெண்தான். அதை ரசிகர் வட்டம் போதுமான அளவு பேசவில்லை.

1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடந்த கச்சேரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குழு செய்த கச்சேரிகளிலேயே சிறந்தது எது என்று கேட்டால் இதைச் சொல்பவர்கள் ஏராளம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கான தெரிவுகளில் அது இடம்பெற்றது. அப்போதும் அது அதிகாரபூர்வமாக வெளிவராத ஒரு நாடா. பெட்டி செய்த மூலச்சுருள் சேமிப்பறையில் இல்லை. அது திரும்பி வந்து, 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2017இல் வெளியானபோது, ரசிகர்கள் அதை ஏறக்குறைய 30 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது சிறந்த கச்சேரியா, சிறந்த நாடாவா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அதே மாதம் வேறு ஊர்களில் நடந்த கச்சேரிகள் இணையானவை என்று வாதிடுவோர் உண்டு. தெளிவான பதிவு தப்பிப் பிழைத்து ஊர் ஊராகச் சுற்றியதும் கார்னெலின் புகழில் ஒரு பங்கு என்பதை மறுக்க இடமில்லை. எந்த இரவு வரலாறாக வேண்டும் என்பதைக் கிடங்கு ஏலமும் நகலெடுக்கும் கைகளும் சேர்ந்து தீர்மானித்துவிட்டன.

வெளியே இருந்து உள்ளே போனவர் டிக் லட்வாலா. ஆண்டுக்கணக்கில் நாடா சேர்த்து, ஒவ்வொன்றையும் கேட்டுக் குறிப்பெழுதி வந்த தீவிர ரசிகர். 1980களின் நடுவில் குழு அவரையே சேமிப்பறைக் காப்பாளராக அமர்த்தியது. 1993இல் ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்ற வரிசை தொடங்கியது. சேமிப்பறையிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள், பெரிய மெருகேற்றல் இல்லாமல் அப்படியே குறுந்தட்டாக விற்கப்பட்டன. ரசிகர்களின் பரிமாற்றப் பண்பாட்டைக் குழுவே வணிகமாக்கிய ஒரு படி அது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. நாடாவைப் பாதுகாக்கவும் பணம் வேண்டும். ஆனாலும் தெரிவு ஒருவர் கையில் இருக்கும்போது, அவரை அறிந்தவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்தது, மற்றவர்கள் காத்திருந்தார்கள். 1999 ஆகஸ்டில் லட்வாலா இறந்த பிறகு பொறுப்பு டேவிட் லெமியூவிடம் வந்தது. ‘டிக்ஸ் பிக்ஸ்’ 36 தொகுதிகளோடு 2005இல் நிறைவுற்றது.

கேசட்டும் இலவசக் கோப்பும்

எண்முறைப் பதிவு வந்ததும் தலைமுறை என்ற சொல்லே பொருளிழந்தது. 1980களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த ‘டாட்’ என்ற எண்முறை நாடாவில் பத்தாவது நகலும் மூலத்தைப் போலவே இருக்கும். 1990களின் இறுதியில் ‘ஈட்ரீ’ என்ற தன்னார்வ வட்டம், ஒலியைச் சிறிதும் இழக்காமல் சுருக்கிய கோப்புகளைக் கணினிகளுக்கிடையே பகிரத் தொடங்கியது. எம்பி3 போன்ற ஒலியிழக்கும் வடிவத்தைப் பரிமாற்றத்துக்குள் விடக் கூடாது என்பதில் அவர்கள் காட்டிய கறார், கேசட் காலத்துத் தலைமுறைக் கவலையின் தொடர்ச்சி. 1999இல் குழுவும் எழுத்தில் அனுமதி தந்தது. இணையத்தில் பகிரலாம், விளம்பரம் உட்பட எந்த வகையிலும் வருமானம் பார்க்கக் கூடாது. 2002இல் இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் நேரடி இசைக்கென்று ஒரு பகுதி திறந்த பிறகு, டெட் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் அங்கே குவிந்தன. பார்வையாளர் பதிவு, சவுண்ட்போர்டு இரண்டும்.

பதுக்கலுக்கு இனி வேலை இல்லை என்று தோன்றியது. சில காலம் அப்படித்தான் இருந்தது. 2005 நவம்பரில் குழுவின் தரப்பு கேட்டுக்கொண்டதன்பேரில் அந்தப் பதிவுகளைத் தரவிறக்கும் வசதி திடீரென நிறுத்தப்பட்டது. குழு தன் கச்சேரிகளைத் தானே இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்தது; அதே நாடா இலவசமாகவும் கிடைத்தால் யார் வாங்குவார்கள் என்பது அதன் கணக்கு. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். குழுவின் பொருட்களை இனி வாங்க மாட்டோம் என்று கையெழுத்து இயக்கம் நடந்தது. பாஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷ், தனக்குத் தெரியாமலே இது நடந்ததாக வெளிப்படையாக எழுதினார். குழுவின் பாடலாசிரியர்களில் ஒருவரும், இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவருமான ஜான் பெர்ரி பார்லோ கடுமையாக எதிர்த்தார். நகல்கள் சுதந்திரமாகப் பரவியதுதான் டெட் குழுவை வளர்த்தது என்று 1994லேயே கட்டுரை எழுதியவர் அவர்.

சில நாட்களில் உடன்பாடு வந்தது. ரசிகர்கள் தங்கள் ஒலிவாங்கியால் செய்த பதிவுகளை யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம். சவுண்ட்போர்டு பதிவுகளை அந்த இடத்திலேயே கேட்கலாம். எடுத்துப் போக முடியாது. பழைய இரண்டு சாதிகளும் அப்படியே எழுத்தில் ஏறின. கூட்டத்தில் நின்று பதிவு செய்தது கூட்டத்துக்கு. மிக்சரிலிருந்து வந்தது குழுவுக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சேமிப்பறையில் தொலைந்தும் கிடங்கில் கைவிடப்பட்டும் போன பல சவுண்ட்போர்டு நாடாக்களைத் தேடி, சூட்டில் பதப்படுத்தி, வேகம் திருத்தி உயிர்ப்பித்தவர்கள் ரசிகர்கள்தான். அந்த உழைப்புக்கு உடன்பாட்டில் இடமில்லை. 2006இல் வெளியீட்டு உரிமை ரைனோ நிறுவனத்துக்குப் போக, சேமிப்பறை நாடாக்களும் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகருக்கு இடம்பெயர்ந்தன.

மற்றக் குழுக்கள் இந்த அனுபவத்திலிருந்து வேறு வேறு பாடம் எடுத்துக்கொண்டன. ஃபிஷ் குழு டேப்பர் பகுதியை வைத்துக்கொண்டே, கச்சேரி முடிந்த சில நாட்களில் தன் சவுண்ட்போர்டு பதிவை விற்றது. பெர்ல் ஜாம் குழு 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் 72 கச்சேரிகளைத் தனித்தனி ஆல்பமாக வெளியிட்டுக் கள்ளத் தட்டு வியாபாரியின் சரக்கைக் காலி செய்தது. எல்லா இரவும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விலையில் கிடைத்தால், உள்ளே ஆள் வைத்திருப்பதால் என்ன பயன்?

டெட் குழுவின் பதிவுகளோ இன்றும் பழைய வழக்கப்படி ஒரு குறிப்போடுதான் பரவுகின்றன. எந்த ஒலிவாங்கி, எந்த ரிக்கார்டர், எத்தனையாவது வரிசை, எத்தனை நகல் தாண்டி வந்தது, கணினிக்கு மாற்றியவர் யார் என்று வம்சாவளி போல் எழுதியிருக்கும். பார்வையாளர் பதிவுகளில் முதல் வரியிலேயே டேப்பரின் பெயர் இருக்கும். சவுண்ட்போர்டு பதிவுகளில், சேமிப்பறைக்கும் முதல் நகலுக்கும் நடுவே நின்ற அந்தக் கை யாருடையது என்ற இடம் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டிருக்கும்.